சாயல்குடிப் பட்டறையில் செய்து வாங்கிய தண்ணீர் வண்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில், வாலிநோக்கம் பக்கம் எங்கள் ஊரில் பைக் இல்லாத வீடு உண்டு, தண்ணீர் வண்டி இல்லாத வீடு கிடையாது. நாலு சக்கரம், இரும்புச் சட்டம், குடம் உட்கார வளையங்கள், தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இது எந்தக் கடையிலும் பெட்டியில் வராது, பட்டறையில் சொல்லித்தான் செய்ய வேண்டும். பழைய வண்டி துருவேறி உதிர்ந்துவிட்டதால் சாயல்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினேன்.

"இரும்புச் சக்கரம் போட்டா விலை குறையும்க்கா" என்றார் பட்டறைத் தம்பி. அதை நம்பாதீர்கள். தார் ரோட்டில் ஊரை எழுப்புகிற சத்தத்தோடு ஓடிவிடும். ஊரணிக்குப் போகும் மணல் பாதையில் அப்படியே புதையும். நான் பேரிங் வைத்த ரப்பர் சக்கரம் போடச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகளே தள்ளிவிடுகிறாள்.

எட்டு வளையம் வைத்துக் கொடுத்தார். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் மொத்தம் 120 கிலோ. கடைசி இரண்டு வளையமும் பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே நிற்பதால், எட்டும் நிரம்பினால் மேட்டில் முன்சக்கரம் எழும்புகிறது. ஆறு குடம்தான் சரி. பிரேக் கிடையாது. ஊரணிக் கரையில் ஏற்றுவதுகூடப் பெரிதில்லை, மறுபக்கம் இறங்கும்போது வண்டி நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அண்டை கொடுக்க ஒரு கல்லை வண்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கைப்பிடி வெல்டிங் ஒருமுறை விட்டது. காசு வாங்காமல் பற்றவைத்துத் தந்தார். பெயின்ட்தான் மோசம். கடல் காற்றுக்கு, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும், இவர் நேரே நீலத்தைப் பூசிவிட்டார். வளையங்களின் அடியில் இப்போதே செம்பொட்டு.

"காவிரித் தண்ணியே வந்துருச்சு, இன்னும் எதுக்கு அண்ணி வண்டி?" என்று சென்னையில் இருக்கும் நாத்தனார் கேட்டாள். வந்ததுதான். 616 கோடி ரூபாய்த் திட்டம், திருச்சியிலிருந்து குழாயிலேயே வருகிறது. நடுவில் எங்கே குழாய் உடைந்தாலும் கடைக்கோடியில் இருக்கும் நாங்கள்தான் முதலில் காய்வோம். அந்த நாளில் போர் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் நிலத்தடியில் உப்பு. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த கதையெல்லாம் அதனால்தான். மிஞ்சுவது ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்திருக்கும் ஊரணியும், குடத்துக்கு இவ்வளவு என்று விற்கிற லாரியும். இரண்டுக்கும் வண்டி வேண்டும். லாரி தெருமுனையோடு நின்றுவிடும், சந்துக்குள் வராது.

அவளுக்கு 2019ஐ நினைவுபடுத்தினேன். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிய கோடை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர் போனது. வில்லிவாக்கத்தில் இறக்கி, அங்கிருந்து கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனியாகக் குழாய் போட்டார்கள். அதற்கப்புறமும் அவள் தெருவில் லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறியது யார்? திட்டச் செலவில் இந்தக் கடைசித் துண்டை யாரும் எழுதுவதில்லை. எங்கள் ஊரில் அந்தச் செலவு என் கைக்காசு, சாயல்குடிப் பட்டறையில் கொடுத்தது.

ஊரணித் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் உள்ளே கால் கழுவக் கூடாது, ஆடு மாடு இறங்கக் கூடாது. கலங்கலாக இருந்தால் மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்து ஊற்றி வைத்தால் தெளியும். தெளிந்தாலும் காய்ச்சித்தான் குடிக்கிறோம். ஊரணிக்கு மழைநீர் வரும் வரத்துக்காலில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டாமல் விட்டால் நல்ல மழை பெய்தும் ஊரணி பாதிதான் நிறைகிறது. அது தனிப் புலம்பல், இன்னொரு நாள்.

வாங்குவதென்றால் ரப்பர் சக்கரம், ஆறு வளையம், ரெட் ஆக்சைடு என்று மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கைப்பிடி உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டும். அளவு எடுக்க வீட்டில் யார் தள்ளுவார்களோ அவர்களே போக வேண்டும், வீட்டுக்காரரை அனுப்பினால் அவர் உயரத்துக்குத்தான் வரும். மாசியிலேயே சொல்லி வைப்பது நல்லது. பங்குனி பிறந்தால் பட்டறையில் கூட்டம், அப்புறம் அவர் சொல்வதுதான் விலை.