பாப்பிரஸ் ஐகானும் ஆர்க் தீமும்: கடை மெஷினுக்குத் தாராளமாகப் போடலாம்

லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான டெஸ்க்டாப்) பதிப்புக்கு ஐகான் தேடுகிறவர்கள் நேரே பாப்பிரஸ் என்ற ஐகான் தொகுப்பைப் போட்டுவிடலாம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடை மெஷினில் இதுதான் ஓடுகிறது. எஸ்விஜி (வெக்டர் படம்) கோப்புகள் என்பதால் பெரிதாக்கினாலும் பிசிறடிக்காது, ஜிம்ப், இங்க்ஸ்கேப், விஎல்சி என்று நாம் தினமும் திறக்கிற செயலி எதற்கும் ஐகான் விட்டுப்போகவில்லை. பார்க்க அழகான பல தொகுப்புகள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன, பாதி புதுசு, பாதி பழசு என்று பல்லிளிக்கும். ஃபோல்டர் நீலம் பிடிக்காவிட்டால் பாப்பிரஸ்-ஃபோல்டர்ஸ் என்ற ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) இருக்கிறது, ஒரே வரியில் நிறம் மாறிவிடும். பேனல் (டாஸ்க்பார்) கறுப்பு என்றால் பாப்பிரஸ்-டார்க் வகையை எடுங்கள், இல்லையேல் வைஃபை, ஸ்பீக்கர் குறிகளைத் தேட வேண்டியதுதான்.

தீமுக்கு, அதாவது ஜன்னல்களின் தோற்றத்துக்கு, ஆர்க் தீமின் ஆர்க்-டார்க்கர் வகை. தலைப்புப்பட்டை கறுப்பு, உள்ளே வெளுப்பு. முழுக் கறுப்புத் தீம் இரவில் சரி, ஆனால் வாசலைப் பார்த்து ஸ்கிரீன் வைத்திருக்கிற கடையில், அதுவும் கடலூர் பகல் வெயிலில், கண்ணாடி மாதிரி நம் முகத்தைத்தான் காட்டும்.

ஒரு குறை உண்டு. க்னோம் என்பது இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்; அதன் லிப்அட்வைட்டா என்ற நிரல் நூலகத்தில் எழுதிய புதிய க்னோம் செயலிகள் நாம் வைத்த தீமைச் சட்டை செய்வதே இல்லை, தன் உருவத்திலேயே வந்து நிற்கும். அது ஆர்க்கின் தப்பு இல்லை, க்னோம்காரர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தது.

அப்புறம் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றிவிடுங்கள், தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் கண்ணுக்கு இதமாகத் தெரியும்.