பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு: திரையில் தெரியும் பேட்டரிக் கட்டத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

செகண்ட் ஹேண்டில் மின்சாரக் கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குக் கார் விற்ற வியாபாரி, தேய்ந்துபோன பேட்டரியின் கணினியை ரீசெட் செய்து, புத்தம் புதியது போலக் காட்டி விற்றிருக்கிறார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் இந்தத் தில்லுமுல்லு அவர் கண்டுபிடித்தது அல்ல. கருவியும் தெம்பும் இருக்கிற யாரும் செய்யலாம்.

காரைக் காட்டும்போது அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, "பேட்டரி ஃபுல் கட்டம் காட்டுது பாருங்க சார், தேய்மானமே இல்ல." இன்னொன்று, "மாசு பூஜ்யம் சார். பெட்ரோல் செலவும் மிச்சம், புண்ணியமும் சேரும்." இரண்டுமே பொய். முதல் பொய்யில் என் பணம் போனது. இரண்டாவதை அவர் மட்டும் சொல்வதில்லை, ஊரே சொல்கிறது.

முதலில் கட்டத்தின் கதை. சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் கட்டம் இல்லை இது, பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது. பேட்டரிக்குள் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்பதை நேரடியாக அளக்க வழி கிடையாது. பேட்டரி மேலாண்மைக் கணினி மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை எல்லாவற்றையும் கவனித்து மெல்ல மெல்ல ஒரு மதிப்பீட்டுக்கு வருகிறது. சில மாடல்களில் அந்த மதிப்பீட்டை அழித்துவிட்டால், பேட்டரி புதிது என்றே அது மறுபடி ஆரம்பிக்கும். உண்மை நிலவரம் பிடிபட அதற்குச் சில வாரங்கள் ஓட வேண்டும். வியாபாரிக்கு அந்தச் சில வாரங்கள் போதும். என் கார் அப்படித்தான் ஆனது. வாங்கிய புதிதில் எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது, அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது.

கட்டமே ஏமாற்றும் சங்கதிதான் என்பதற்கு ஓர் உதாரணம். 2010இல் வந்த முதல் தலைமுறை நிசான் லீஃபில் கொள்ளளவைக் காட்ட 12 கட்டங்கள் உண்டு. (என் கார் அது இல்லை.) முதல் கட்டம் அணைவதற்குள் கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் போயிருக்கும். அதாவது 12 கட்டமும் பளிச்சென்று எரியும் காரிலும் 86 சதவீதம்தான் இருக்கலாம். அந்தப் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பும் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஒன்றிரண்டு வருடத்திலேயே கட்டங்கள் விழுந்து, 2012இல் விஷயம் நீதிமன்றம் வரை போன பிறகுதான் கொள்ளளவுக்கென்று தனி வாரண்டி வந்தது. ஆகவே பழைய கார் என்றால், பேட்டரியைக் குளிர்விக்க ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பது வண்டியின் நிறத்தைக் கேட்பதைவிட முக்கியம்.

எனக்கு உண்மை தெரிந்தது ஒரு சுயேச்சையான பணிமனையில். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினித் தகவலைப் படிப்பதற்கான துளை) விரல் நீளக் கருவி ஒன்றைச் செருகி, மொபைலில் செயலியைத் திறந்தார் மெக்கானிக். திரையில் 96 மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு செல் தொகுதியின் மின்னழுத்தம். வண்டி நிற்கும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. "இப்ப ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிங்க" என்றார். மேட்டில் ஏறும்போது நாலைந்து கோடுகள் மட்டும் சரசரவென்று கீழே இறங்கின, மற்றவை கொஞ்சம்தான் அசைந்தன. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் பலவீனமான தொகுதி எங்கே நிற்கிறதோ அங்கேதான் முழுப் பேட்டரியும் நிற்கும். மற்ற தொண்ணூறும் நன்றாக இருந்து என்ன பயன்?

வியாபாரியிடம் போனேன். "பேட்டரின்னா தேயத்தானே சார் செய்யும்" என்றார். வாங்கும்போது தேய்மானமே இல்லை என்று சொன்ன அதே வாய். பிறகு, "எட்டு வருஷ வாரண்டி இருக்கே, கம்பெனியில கேளுங்க" என்று கைகழுவினார். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாகச் சொல்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது கார் முதலில் விற்பனையான நாளிலிருந்து. நான் வாங்கியபோதே அது காலாவதி. இந்தத் தேதி கார் பேப்பரிலேயே இருக்கும், அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் அப்படித்தான். அவர் காட்டியது பழைய என்இடிசி சோதனையின் எண். ஆய்வகத்தில், சராசரி மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில், ஏசி போடாமல் சுமார் 11 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. ஐரோப்பாவில் 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற கொஞ்சம் கடுமையான சோதனை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் அங்கே ஓட்டுபவருக்கு இந்த இரண்டு எண்ணுமே கிடைக்காது.

சரி, அந்த "மாசு பூஜ்யம்". வண்டியின் பின்னால் புகை வராது என்பது உண்மை, நெரிசலான தெருவில் மூச்சுவிடுகிறவருக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் மின்சாரம் எங்கோ உற்பத்தியாகிறது. ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி மின்சாரம் சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது, காற்றாலை மின்சாரம் வெறும் 11 கிராம். இவை ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கையின் நடுமதிப்புகள், கட்டுமானம் உட்பட. நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்தால், முழுக்க நிலக்கரியில் ஓடும் கார் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 130 கிராம் வெளியிடும். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார் புகைக்குழாய் வழியாக மட்டும் கிலோமீட்டருக்கு 160 கிராம். வித்தியாசம் உண்டு, ஆனால் புண்ணியம் என்று சொல்கிற அளவுக்கு இல்லை. காற்றாலையில் ஓடினால் அந்த 130 இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

இதற்கு மேல் பேட்டரி தயாரிப்பின் சுமை இருக்கிறது. காரை உருவாக்கும்போதே பெட்ரோல் காரைவிடச் சில டன் கூடுதல் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, அதை ஓட்டி ஓட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2021இல் கார்களின் முழு ஆயுளையும் கணக்கிட்டது. நடுத்தர மின்சாரக் காரின் வெளியேற்றம் பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு, சீனாவில் 37 முதல் 45, இந்தியாவில் 19 முதல் 34. எல்லா இடத்திலும் குறைவுதான், எங்கேயும் பூஜ்யம் இல்லை. பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையம் 2024இல் இரண்டு கார் விளம்பரங்களில் இருந்த "பூஜ்ய வெளியேற்றம்" என்ற வாசகத்தை இதே காரணத்துக்காக அனுமதிக்கவில்லை.

ஆகவே மின்சாரக் காரே மோசடி என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சார்ஜ் போட இடம் இருந்து, தினமும் கணிசமாக ஓட்டுகிறவருக்குப் பணத்திலும் லாபம், காற்றுக்கும் நல்லது. பொது வேகச் சார்ஜரை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அந்த லாபம் வெகுவாகக் கரையும். வியாபாரி எனக்குப் போட்டுக்காட்டிய சேமிப்புக் கணக்கு வீட்டுக் கட்டணத்தில் போட்டது, மறுவிற்பனை மதிப்பு சரிவதையும் அதில் காணோம். வேடிக்கை என்னவென்றால், பழைய காரின் தயாரிப்புச் சுமை ஏற்கெனவே செலவானது. ஓரளவு தேய்ந்த பேட்டரிகூட அருகில் போய்வருகிறவருக்குப் பல வருடம் உழைக்கும். உள்ளதைச் சொல்லி, விலையைக் குறைத்திருந்தால், அதே காரை நியாயமாகவே விற்றிருக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஓபிடி கருவியை நீங்களே கொண்டுபோங்கள், விலை அதிகமில்லை. அது காட்டும் பேட்டரி ஆரோக்கிய சதவீதத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், ரீசெட் செய்தால் அதுவும் பொய் சொல்லும். சார்ஜ் குறைவாக இருக்கும்போது அழுத்தி ஓட்டி, செல்களுக்கு நடுவே மின்னழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். முழுச் சார்ஜிலிருந்து 20 சதவீதம் வரை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கவும் கேளுங்கள். "அவ்வளவு தூரம் டெஸ்ட் டிரைவ் தர முடியாது" என்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எடுத்த பேட்டரி அறிக்கையைக் கேட்டு வாங்கி, கொள்ளளவு இவ்வளவு என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னதைப் புகாரில் நிரூபிக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் அவர் பக்கத்திலிருந்து சமரசம் பேச ஆள் வந்தது. காரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களாம், பாதி விலைக்கு, புகாரை வாபஸ் வாங்கினால். முடியாது என்றேன். தொகை ஒரு காரணம். வண்டி அவர் கைக்குப் போனால் மறுபடி ரீசெட் ஆகி, எல்லாக் கட்டமும் நிறைந்து, வேறொருவர் தலையில் கட்டப்படும் என்பது இன்னொன்று. பணிமனை எடுத்த அளவீட்டையும் சேசிஸ் எண்ணையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.