தாவரத் தோட்டத்தில் ஓராண்டு தன்னார்வ வேலை: போகலாமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு பொதுத் தாவரத் தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் வேலை செய்கிறேன். காலை ஆறரை மணியிலிருந்து ஒன்பதரை வரை. ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதில் நான்கு சனிக்கிழமைதான் விட்டிருப்பேன். சேரலாமா, என்ன வேலை தருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் தோட்டத்தின் பெயர் வேண்டாம். தன்னார்வலர்களைச் சேர்க்கும் எந்தத் தோட்டத்துக்கும் இதில் பாதி பொருந்தும்.

எனக்குத் தேவகோட்டை. அஞ்சலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து, போன வருஷம் மே 31 அன்று ஓய்வு பெற்றேன். பர்மா தேக்குத் தூண் வரிசை நிற்கும் முகப்பில் விளையாடி வளர்ந்தவள். கப்பலில் வந்த அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் எங்கள் செம்மண்ணில் தானாக முளைக்கும் காசா, வீரை, குருந்து எதையும் எனக்கு அடையாளம் தெரியாது. அது உறுத்திக்கொண்டே இருந்தது. சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

சேர்வது எளிது. ஆதார் நகல், இரண்டு புகைப்படம், ஒரு பக்கப் படிவம். கட்டணம் கிடையாது. அடையாள அட்டை ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

என் முதல் நாள் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். பேனர் கட்டியிருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கொரு கன்று கொடுத்தார்கள். நாவல், புங்கை, மருதம், மகிழம் என்று மொத்தம் 60 கன்று நட்டோம். நானும் மகிழ்ச்சியாக இரண்டு நட்டேன். ஆகஸ்ட் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 22 தான் உயிரோடு நின்றன. நான் நட்ட இரண்டும் அந்த 22-இல் இல்லை. அன்று நாள் முழுவதும் மனசு சரியில்லை.

இது யாருடைய அலட்சியமும் இல்லை, நாள் தப்பு. செட்டிநாட்டுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வைகாசிக் கடைசியில் மண் சட்டி மாதிரி காய்ந்து கிடக்கும். அரை அடி தோண்டினால் செம்பூரான் கல் கடப்பாரையில் முட்டும். அப்புறம் ஆனி ஆடியில் மேல்காற்று வந்து இலையில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இரண்டு அடிக் கன்று இதைத் தாங்காது. கேரளத்தில் ஜூன் மாதம் நடுவது சரி, அங்கே அப்போதுதான் மழை தொடங்குகிறது. தோட்டத்துப் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. விழா நாள் மேலிருந்து வருவதால் மாற்ற முடியவில்லை என்றார். ஆனாலும் தீபாவளி முடிந்து ஒரு மழை பெய்ததும், பேனர் எதுவும் இல்லாமல், சனிக்கிழமை ஆட்கள் மட்டும் சேர்ந்து 40 கன்று நடச் சம்மதித்தார். சித்திரை வெயிலும் கடந்து அவற்றில் 36 நிற்கின்றன. பங்குனியிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை, கன்றுக்கு ஒரு குடம். சருகு மூடாக்கு போட்டிருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகவே சேர நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான்: பங்குனி, சித்திரையில் வர முடியுமா? ஜூன் மாதம் 70 பேர் வந்தோம். ஏப்ரலில் ஐந்து பேர். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழுக்கு வேண்டிய மணி நேரம் பிப்ரவரியோடு முடிந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல மனமில்லை, பரீட்சை இருக்கிறது. சான்றிதழ் தரும் தோட்டம்தான் கோடையில் பத்து நாள் வந்தால்தான் சான்றிதழ் என்று விதி வைக்க வேண்டும்.

இனி, எதற்காக நான் இங்கே போய்க்கொண்டே இருக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். நாற்றங்காலில் ஒரு அம்மா இருக்கிறார். தினக்கூலி. 20 வருஷமாக இருக்கிறாராம். எல்லாரும் அவரை அக்கா என்பார்கள், என்னை அவர் ஆச்சி என்பார். முதல் நாள் அறிமுகக் கூட்டத்தில் நான்கு பேர் மேடையில் பேசினார்கள். அக்கா அந்த நேரம் பூவாளியோடு நிழல்வலைக்குள் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் எங்களுக்கு அறிமுகப்படுத்தவில்லை. மூன்றாவது வாரம் நானாகப் போய்ப் பேசினேன். இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றதில் முக்கால்வாசி அவரிடம்தான்.

மண் கலவையில் தொடங்கினார். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. பையை விளிம்பு வரை நிரப்பக் கூடாது, தண்ணீர் நிற்க இரண்டு விரல் இடம் விட வேண்டும். அப்புறம் இலுப்பை. ஆனி, ஆடியில் பழம் பழுக்கும்போது ராத்திரி வௌவால் வந்து சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். விடிந்ததும் மரத்தடியில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று கிடக்கும். அதை அன்றைக்கே பொறுக்கி, இரண்டு மூன்று நாளுக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். எண்ணெய் விதை என்பதால் காயவைத்து டப்பாவில் சேர்த்தால் முளைப்புத் திறன் போய்விடும். இது தெரியாமல் முதல் தடவை ஒரு கைப்பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றரை மாதம் கழித்து ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அக்கா அன்றன்று ஊன்றியவை மூன்று வாரத்தில் தலை காட்டின. அவரிடம் இருந்து வாங்கிய இரண்டு கன்று இப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே நிற்கிறது. நகரத்தார் கோவில் ஒன்பதில் ஒன்றுக்கு இலுப்பைக்குடி என்றே பெயர். கோவில் விளக்குக்கு எரித்தது இலுப்பெண்ணெய், தலைக்குத் தேய்த்துக் குளித்தது இலுப்பைப் புண்ணாக்கு. இன்று எங்கள் தெருவில் ஒரு இலுப்பை மரம் கிடையாது.

கொன்றைக்குப் பாடம் நேர் எதிர். அதன் விதை வருஷக்கணக்கில் கெடாது, ஆனால் மேல்தோல் கல் மாதிரி இருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. உப்புத்தாளில் ஒரு ஓரத்தை உரசிவிட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தால் காலையில் உப்பியிருக்கும். அரசுப் பள்ளியில் இருந்து வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தோம். திருப்பத்தூர்ப் பிள்ளை ஒருத்தி, “எங்க திருத்தளிநாதர் கோவில் மரம் இதுதான் ஆச்சி” என்று சொல்லிவிட்டு நாற்பது விதையையும் அவளே உரசி முடித்தாள்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். வாசலில் இருந்து இடது பக்கம் நான்காவது மரத்தில் ‘குடசப்பாலை’ என்று பலகை இருந்தது, கீழே தாவரவியல் பெயரோடு. ஒரு நாள் அக்கா என்னை நிறுத்திக் காட்டினார். “ஆச்சி, பச்சைக் காயைப் பாருங்க. சோடியா தொங்குதுல்ல, ரெண்டும் நுனியில ஒட்டியிருக்கா? இது வெட்பாலை. குடசப்பாலைன்னா ரெண்டும் தனித்தனியா தொங்கும்.” பார்த்தேன். இடுக்கி மாதிரி இரண்டு காயும் நுனியில் சேர்ந்திருந்தன. இரண்டு மரத்துக்கும் பூ வெள்ளை, இரண்டிலும் ஒடித்தால் பால் வரும். படித்தவர்களும் ஏமாறக்கூடிய இடம்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். சித்த மருத்துவத்தில் அதைக் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கு, மேலே பூசத் தருவார்கள். குடசப்பாலைப் பட்டையோ சீதபேதிக்கு உள்ளுக்குக் கொடுப்பது. பொதுத் தோட்டத்துப் பலகையை நம்பி பட்டையைச் சீவிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்துத் தடுத்திருக்கிறேன். காய், பூ, இலை மூன்றையும் படம் எடுத்து, அக்கா சொன்னதை அக்கா பெயரிலேயே எழுதி, அலுவலகத்தில் கொடுத்தேன். பலகை மாற ஐந்து மாதம் ஆனது. பலகை எழுதுபவர்கள் ஒரே ஒரு நாள் நாற்றங்கால் ஆட்களோடு தோட்டத்தைச் சுற்றி வந்தால் இப்படி எத்தனை தப்பு வெளியே வரும்! இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

பலகைகளை மரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்ததும் பிடிக்கவில்லை. மரம் பருக்கப் பருக்க ஆணியை விழுங்கும், பட்டை கிழியும். சனிக்கிழமை ஆட்கள் சேர்ந்து இதுவரை 30 மரத்தில் ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஸ்பிரிங் வைத்த கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம். ஸ்பிரிங் இருந்தால் மரம் பருக்கும்போது கம்பி விரிந்து கொடுக்கும். இதற்கு அலுவலகம் உடனே பணம் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

மற்ற குறைகள்: பெண்களுக்குக் கழிப்பறை வாசல் பக்கம் மட்டும்தான், நாற்றங்காலில் இருந்து பத்து நிமிஷ நடை. கையுறை ஒரே அளவு, ஆண்களுக்கானது. காட்டாமணக்கு மாதிரிப் பெரிய இலையைக் கிள்ளவே அதைப் போட்டுக்கொண்டு முடியாது, நாற்றுப் பிரிக்க எப்படி முடியும்? சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். முழுக்கைச் சட்டை, காலை மூடிய செருப்பு அவசியம். சூரை முள் கொக்கி மாதிரி பிடித்து இழுக்கும், சருகுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். கையால் சருகு அள்ளாமல் முதலில் கம்பால் தட்டிவிட்டு அள்ள அக்கா பழக்குவார், அதைக் கேளுங்கள். எட்டரைக்கு டீயும் சுண்டலும் தருகிறார்கள், நன்றாகவே இருக்கும்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சிலர், “ஊட்டி மாதிரி பூவே இல்லையே” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். 1848-இல் தொடங்கிய மலைத் தோட்டத்தின் குளிருக்கு வளரும் பூ இங்கே எப்படி வரும்? இங்கே சித்திரையில் வாருங்கள். உலக்கைப்பாலையில் மஞ்சள் பழம் பழுத்திருக்கும், குயிலும் மைனாவும் அதில் சண்டை போடும். காசா மரத்தில் கிளையை ஒட்டி நீலப் பூ மொய்த்திருக்கும். எங்கள் பக்கம் பெரும்பாலும் கோவில் காடுகளில் மிஞ்சியிருக்கும் மரங்கள் இவை, வெளியே சீமைக் கருவேலமும் தைலமரமும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கோவில் காட்டுக்குள் எல்லாரும் போக முடியாது. இங்கே பத்து ரூபாய் டிக்கெட்டில் பேத்தியைக் கூட்டிப் போய்த் தொட்டுக் காட்டலாம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஒன்று குறைத்தது ஜூன் நடவுக்கும் பலகைக்கும். சேருவதாக இருந்தால் ஆனி கடைசிக்குள் சேர்ந்துவிடுங்கள், இலுப்பை விதை விழும் நேரம். முதல் சனிக்கிழமை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் நேராக நிழல்வலைக்குப் போய், அக்கா எங்கே என்று கேளுங்கள்.