பேக்கப் சர்வருக்கு எக்ஸ்ட்4 போதுமா, எக்ஸ்எஃப்எஸ் வேண்டுமா?

இரண்டும் லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்கள், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகள். நம்மிடம் 8 டெராபைட் டிஸ்க் ஆறு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 6 அமைப்பில். இரண்டு டிஸ்க் பாதுகாப்புக்குப் போக மிச்சம் 32 டெராபைட். ஆனால் லினக்ஸ் கணக்குப் போடுவது 1024-இன் மடங்கில். அதற்கு இது 29.1 டெபிபைட்தான். முதல் ஏமாற்றம் இங்கேயே ஆரம்பிக்கிறது.

இதில் முழு பேக்கப் ஒன்று, சுருக்கிய பிறகும் 14 டெபிபைட் வரும் ஒரே ஃபைல் என்று வைத்துக்கொள்வோம்.

எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைலுக்குள் பிளாக்குகளை (டிஸ்க் இடத்தைப் பிரிக்கும் சிறு துண்டுகளை) எண்ணுவது 32 பிட் எண்ணால். பிளாக் ஒன்று 4 கிலோபைட் என்றால் பெருக்கிப் பாருங்கள்: 16 டெபிபைட். வால்யூமில் எவ்வளவு இடம் கிடந்தாலும் ஒரு ஃபைல் அதைத் தாண்டாது. 14 இன்று அடங்கும். தரவு வருடத்துக்கு 15% வளர்ந்தால் அடுத்த வருடமே 16.1. அப்புறம் ஒரு நாள் நடு ராத்திரியில் பேக்கப் பாதியில் நிற்கும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதே என்று நாம் தலையைச் சொறிவோம்.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஒரு ஃபைலின் உச்சவரம்பு 8 எக்ஸ்பிபைட், அதாவது 80 லட்சம் டெபிபைட்டுக்கும் மேல். நம் வாழ்நாளில் அதைத் தொடப்போவதில்லை.

சரி, வரம்பை விடுங்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் இடம். புது முழு பேக்கப் எழுதி முடியும்வரை பழையதை அழிக்க முடியாது. ஆக, இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்: 28 டெபிபைட். எக்ஸ்ட்4 வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கென்று (லினக்ஸின் நிர்வாகிக் கணக்குக்கென்று) ஒதுக்கிவிடும். மற்றவர்களுக்கு மிஞ்சுவது சுமார் 27.6. பேக்கப் மென்பொருள் ரூட்டாக ஓடவில்லை என்றால் இன்றைக்கே இடிக்கும். அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம், ஆனாலும் மூச்சுவிட இடமில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இப்படிப்பட்ட பெரிய ஒதுக்கீடு கிடையாது. கூடவே ரீஃப்ளிங்க் வசதி உண்டு. மென்பொருளுக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்தால், பழைய பேக்கப்பின் மாறாத பிளாக்குகளைப் புதியதும் பகிர்ந்துகொள்ளும். அப்போது இரண்டு முழு பேக்கப்புக்கு இரண்டு மடங்கு இடம் தேவையில்லை. எக்ஸ்ட்4-இல் இது இல்லை.

எக்ஸ்எஃப்எஸ்ஸின் குறை ஒன்று: வால்யூமைப் பெரிதாக்கலாம், நடைமுறையில் சுருக்க முடியாது. எக்ஸ்ட்4-ஐ அன்மவுண்ட் செய்துவிட்டு (பயன்பாட்டிலிருந்து கழற்றிவிட்டு) சுருக்கலாம். சின்ன அலுவலகத்தில், நாளை அந்த இடத்தை வேறு வேலைக்குப் பிரிக்க நேரும் என்றால், எக்ஸ்ட்4-ஐ வைத்துக்கொண்டு பேக்கப்பை 500 கிபிபைட் (GiB) துண்டுகளாக உடைப்பதே மேல். பாக்குலா போன்ற மென்பொருளில் அதற்கான உச்ச அளவை நாமே குறிக்கலாம். இந்த 14 டெபிபைட் கதைக்கு மட்டும் நான் எக்ஸ்எஃப்எஸ் பக்கம்தான்.

விண்டோஸ் ஆட்களுக்கும் இதே தலைவலி உண்டு. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸை 4 கிலோபைட் கிளஸ்டரில் (அங்கே பிளாக்குக்கு அதுதான் பெயர்) ஃபார்மட் செய்தால் மொத்த வால்யூமே 16 டெபிபைட்டோடு நின்றுவிடும். 64 கிலோபைட் வையுங்கள்.

ஃபார்மட் செய்த கையோடு, ட்ரங்கேட் கட்டளையால் 17 டெபிபைட்டுக்கு ஒரு வெற்று ஃபைல் உருவாக்கிப் பாருங்கள். எக்ஸ்ட்4 அப்போதே ஃபைல் மிகப் பெரியது என்று மறுத்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் ஏற்றுக்கொள்ளும், இடமும் பிடிக்காது. பார்த்ததும் அழித்துவிடுங்கள்.