கரண்ட் போய் வந்தால் எந்த மெஷின் தானே எழும்?

திங்கள் காலை எட்டரைக்கே பினாங்கு லிட்டில் இந்தியா கடையிலிருந்து கணக்கு பார்க்கும் அக்கா போன் அடித்தார். "தம்பி, சிஸ்டம் திறக்க மாட்டேங்குது." முந்தின நாள் இடி மழையில் கரண்ட் போய் வந்திருக்கிறது. சர்வர் ஓடுகிறது, அதற்குள் இருக்கும் டேட்டாபேஸ், கணக்கு மென்பொருள் என்ற இரண்டு வெர்ச்சுவல் மெஷினும் (சர்வருக்குள்ளேயே தனிக் கணினி போல ஓடுபவை) அணைந்து கிடக்கின்றன. நான் ரீபூட் செய்து பார்த்துத்தான் ஒப்படைத்திருந்தேன்!

நம்பிய ஆள் தப்பு. உபுண்டு லினக்ஸில் இந்த மெஷின்களை ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட் வைத்திருப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது லிப்வர்ட்-கெஸ்ட்ஸ் சேவை. நானும் அதைத்தான் நம்பினேன். சர்வர் முறையாக அணையும்போது எந்தெந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று பட்டியல் எழுதி வைக்கும். அதன் ஆன்-பூட் அமைப்பு 'ஸ்டார்ட்' ஆக இருந்தால், திரும்ப வந்ததும் அவற்றை மட்டும் கிளப்பும். ரீபூட்டுக்கு அருமை. கரண்ட் பட்டென்று போனால் பட்டியல் எழுத நேரம் ஏது?

லிப்வர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷில் இருக்கும் ஆட்டோஸ்டார்ட் கட்டளைக்கு இந்தக் கவலை இல்லை. மெஷின் பெயரைக் கொடுத்தால் ஆட்டோஸ்டார்ட் கோப்புறையில் ஒரு சிம்லிங்க் (மெஷினின் அமைப்புக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) விழும், சர்வர் எழும்போது அந்தக் குறியைப் பார்த்து மெஷினைக் கிளப்பும், அவ்வளவுதான். முன்பு ஓடியதா, எப்படி அணைந்தது என்றெல்லாம் கேட்காது. சோதனைக்கு வைத்து நாமே அணைத்த மெஷினில் அந்தக் குறி இருந்தால் அதையும் எழுப்பிவிடும். இன்னொன்று, நெட்வொர்க்குக்குத் தனியாக நெட்-ஆட்டோஸ்டார்ட் கொடுக்க வேண்டும். மறந்தால் 'டிஃபால்ட் நெட்வொர்க் ஆக்டிவ் இல்லை' என்று மெஷின் முரண்டு பிடிக்கும். நான் மறந்தேன்.

ஆனால் எது முன், எது பின் என்று இந்தக் கட்டளையிடம் சொல்ல முடியாது. டேட்டாபேஸ் தயாராகுமுன் கணக்கு மென்பொருள் எழுந்தால் பிழை காட்டிவிட்டு நின்றுவிடும். வெர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே உள்ள பிராக்ஸ்மாக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் இது சுலபம்: சர்வரோடு சேர்ந்து எழச் சொல்லும் ஆன்பூட்டை 1 ஆக்கி, வரிசை எண்ணும் அடுத்த மெஷினுக்கு முன் எத்தனை விநாடி காத்திருப்பது என்பதும் கொடுத்தால் போதும். புதிதாக சர்வர் போடுகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். என்றாலும் அது விநாடியை எண்ணுமே தவிர, டேட்டாபேஸ் பதில் சொல்கிறதா என்று பார்க்காது.

பார்க்க வேண்டுமென்றால் லினக்ஸில் சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டிக்கு நாமே ஒரு யூனிட் கோப்பு எழுத வேண்டும். அது ஓட்டுவது, டேட்டாபேஸின் போர்ட் (இணைப்பு வாசல்) திறக்கும்வரை சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்து, பிறகு அடுத்த மெஷினைக் கிளப்பும் பத்து வரி ஸ்கிரிப்ட். வேலை கச்சிதம், நாளை வேறொருவர் வந்து பார்த்தால் தலையைச் சொறிவார். வெர்ச்சுவல் மெஷின் ஓட்டும் இன்னொரு மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸிலும் ஆட்டோஸ்டார்ட் உண்டு, ஆனால் கோப்பு, அனுமதி, யூசர் குரூப் என்று இழுத்தடிக்கும். சர்வருக்கு நான் அதை வைப்பதில்லை.

கடைசியில் டேட்டாபேஸுக்கு விர்ஷ் ஆட்டோஸ்டார்ட், கணக்கு மெஷினுக்கு ஸ்கிரிப்ட். லிப்வர்ட்-கெஸ்ட்ஸையும் எடுக்கவில்லை, முறையாக அணைக்கும் வேலைக்கு மட்டும் இருக்கட்டும் என்று அதன் ஆன்-பூட்டை 'இக்னோர்' (எதையும் கிளப்பாதே) ஆக்கினேன். பேக்கப் எடுத்துவிட்டு, இந்த முறை ரீபூட் கொடுக்காமல் சுவரிலிருந்த சுவிட்சையே தட்டினேன். "ஐயோ தம்பி!" என்றார் அக்கா. மறுபடி போட்டு நான்கு நிமிடத்தில் கணக்குத் திரை வந்தது.