முகாமா, சொந்தக்காரர் வீடா?

2006 கடைசியில் இலங்கையின் கிழக்கே வாகரைப் பக்கம் சண்டை முற்றியபோது ஆயிரக்கணக்கானோர் மட்டக்களப்புப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். குமர்ப்பிள்ளை உள்ள தாய்க்கு எங்கே தங்குவது என்பதே முதல் கவலை.

முகாமில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். தள்ளி நிற்கும் கழிப்பறை, இருட்டு, உள்ளே கொளுக்கி இல்லாத கதவு. அப்படியான இடத்தில் பெண்கள் இரவில் மூன்று பேராகச் சேர்ந்துதான் போவார்கள். பொழுதுபட்டால் தண்ணீரே குடிக்காதவர்களும் உண்டு. விறகுக்குப் போனால் துவக்கோடு நிற்பவர்களைத் தாண்ட வேண்டும். ஆனாலும் பாதியைத் திருத்தலாம்: பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஒரு விளக்கு, ஒரு கொளுக்கி. கொளுக்கி என்ன விலை வரப்போகிறது! முறையிட்டால் கேட்கவும் நாலு பேர் இருப்பார்கள்.

சொந்தக்காரர் வீட்டில் கூரை, கிணறு, மாமியின் காவல் எல்லாம் உண்டு. சரி, பிள்ளையிடம் தப்பாகக் கை வைப்பவன் அந்த வீட்டுக்காரனாகவே இருந்தால்? சோறு போடுகிறவர்களைப் பற்றி ஒரு பிள்ளை யாரிடம் சொல்லும்? இன்று 1938 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், பல ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் இருக்கிறது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவர்களே அதிகம்.

மாமியிடம் பிள்ளை மனம்விட்டுப் பேசுமென்றால் வீடுதான் என் தெரிவு. இல்லாவிட்டால் முகாம், அதிலும் பெண்கள் மட்டும் உள்ள குடும்பங்கள் நெருங்கியிருக்கும் வரிசை.