மண்ணால் இரு பள்ளிகள்: காண்டோ, ருத்ராபூர்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் காண்டோவில் பிரான்சிஸ் கேரே வடிவமைத்த பள்ளி 2001-இல் முடிந்தது. சுவருக்குக் களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திய கற்கள். மேலே தூக்கி நிறுத்திய தகரக் கூரை, இடைவெளியில் வெக்கை வெளியேறிவிடும். தொழில் கற்ற ஊர் இளைஞர்கள் அப்புறம் வேறு கட்டடங்களுக்கும் கூலிக்குப் போனார்கள்.

வங்கதேசத்தின் ருத்ராபூரில் ஆன்னா ஹெரிங்கரும் ஐக்கே ரோஸ்வாக்கும் 2005-இல் கட்டியது வேறு மாதிரி. அஸ்திவாரம் செங்கல், மாடி மூங்கில். சுவரோ வெறும் மண். வைக்கோல் போட்ட சேற்றை மாடுகள் மிதிக்க, கையால் அடுக்கடுக்காக ஏற்றி, சற்று காய்ந்ததும் கூரிய மண்வெட்டியால் செதுக்கிச் சீராக்கினார்கள்.

சீக்கிரம் கற்றுப் பல இடத்தில் கட்ட, அச்சுக்கல்தான் வசதி. ஆனாலும் என் மனம் ருத்ராபூர் பக்கமே. சிமெண்டுக்குப் போகும் காசு அங்கே ஊர்க்காரர் கைக்கே கூலியாகப் போகிறது.